இடைச்செருகலும் செருகுநிரலும்

ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய இணையதளத்தை நடத்தி வருகிறோம். ஏரிப் பாசனத்தின் வரலாறு குறித்து நண்பர் ஒருவர் எழுதிய நீண்ட கட்டுரையை அதில் வெளியிட்டபோது, தலைப்புக்குக் கீழே தானாகவே ஒரு வரி தோன்றியது: 'படிக்க ஆகும் நேரம்: ஒரு நிமிடத்துக்கும் குறைவு.' நண்பர் தொலைபேசியில் அழைத்தார். 'மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியதை மூச்சுவிடும் நேரத்தில் படித்துவிடலாம் என்கிறதே உங்கள் கணினி' என்றார். கட்டுரையில் இரண்டாயிரம் சொற்களுக்குக் குறையாது. சிரித்துவிட்டு விட்டுவிட்டிருக்கலாம். பொருளியல் கற்பித்தவனுக்குத் தவறான எண்ணைக் கண்டால் அதன் மூலத்தைத் தேடாமல் உறக்கம் வராது.

தேடியதில் காரணம் எளிதாகவே கிடைத்தது. எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்னும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளால் இயங்குகிறது. அது பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழியில் சொற்களை எண்ணுவதற்கு ஆயத்தமாகவே ஒரு கட்டளை உண்டு. ஆனால் அது ஆங்கில அரிச்சுவடியின் எழுத்துகளால் ஆனவற்றையே சொல் என்று கொள்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் அதன் கண்ணுக்குப் படுவதில்லை. எனவே எங்கள் நண்பரின் கட்டுரையில் அது கண்ட சொற்களின் எண்ணிக்கை சுழியம். சுழியச் சொற்களைப் படிக்க ஒரு நிமிடம் எதற்கு? கணக்கில் பிழையில்லை, தமிழும் ஒரு மொழி என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

இதைச் சரிசெய்யும் கருவியை யாராவது விற்கிறார்களா என்று பார்த்தோம். எங்கள் கண்ணில் எதுவும் படவில்லை. அதில் வியப்பும் இல்லை. மென்பொருளை உருவாக்கும் செலவு முழுவதும் முதற்படியிலேயே விழுகிறது. அதன் பிறகு ஒரு நகலுக்கும் ஒரு கோடி நகலுக்கும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே, வாங்குவோர் மிகுதியாக உள்ள தேவையை நோக்கியே முதலீடு ஓடும். தமிழ்க் கட்டுரையின் சொற்களைச் சரியாக எண்ணித் தரும் கருவிக்குப் பணம் கொடுப்பவர்கள் எத்தனை பேர்? சந்தை இதைக் கவனிக்காமல் விட்டது சதியால் அன்று, தன் இயல்பால். பொதுப் பண்டங்கள் குறித்துப் பால் சாமுவேல்சன் 1954-இல் எழுதிய சிறு கட்டுரையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு என் வீட்டுத் திரையிலேயே வந்து நின்றது. நாமே எழுதினால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் எழுந்தது.

எழுதத் தொடங்கும் முன் ஒரு பழைய காயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தளத்தை முதலில் அமைத்துத் தந்த ஒரு நிறுவனம், தமிழுக்கு வேண்டிய மாற்றங்களையெல்லாம் வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகளுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தது. தேதிகள் தமிழ் மாதப் பெயரோடு வந்தன. தொகைகள் இலட்சம், கோடி என்று காற்புள்ளியிடப்பட்டு வந்தன. மகிழ்ந்திருந்தோம். ஒருநாள் பாதுகாப்புக்காகப் புதிய பதிப்புக்கு மாறும்படி அறிவிப்பு வந்தது. பொத்தானை அழுத்தினோம். புதிய பதிப்பு வரும்போது பழைய மூலக் கோப்புகளை முழுவதுமாக நீக்கிவிட்டுப் புதியவற்றை வைக்கும். ஆகவே, செய்த மாற்றங்கள் அனைத்தும் ஒரு நொடியில் போயின. எதை, எங்கே மாற்றினார்கள் என்பதற்கு ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. அந்த நிறுவனமும் அப்போது தொழிலில் இல்லை.

தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் இதற்கு ஒரு பெயர் சூட்டினார்: இடைச்செருகல். ஏட்டைப் படியெடுத்தவர் தம் கருத்தை மூலத்துக்குள்ளேயே கலந்து எழுதிவிட்டால், பின்னால் வருபவருக்கு எது ஆசிரியர் வாக்கு, எது படியெடுத்தவர் வாக்கு என்று பிரிப்பது பெரும்பாடு. உரையாசிரியர்களின் வழி வேறு. பரிமேலழகர் குறளில் ஒரு சீரையும் மாற்றவில்லை. வேண்டியதையெல்லாம் பக்கத்தில் உரையாக எழுதினார். மூலம் மூலமாகவே இருக்கிறது. உரை வேண்டாதவர் அதை மூடி வைத்துவிடலாம். வேர்ட்பிரஸுக்கும் இப்படி ஓர் உரை மரபு உண்டு. 2003-ஆம் ஆண்டு மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும், கைவிடப்பட்டிருந்த ஒரு வலைப்பதிவு மென்பொருளை எடுத்து வளர்த்ததில் பிறந்தது வேர்ட்பிரஸ். மறு ஆண்டு மே மாதம் வெளிவந்த அதன் 1.2 பதிப்பில், மூலத்தைத் தொடாமலேயே புதிய வசதிகளை இணைக்கும் ஏற்பாடு வந்தது. அப்படி இணைக்கப்படுவதைச் செருகுநிரல் என்கிறோம். பெயரில் செருகல் இருந்தாலும் இது இடைச்செருகல் அன்று.

ஏற்பாடு எளிமையானது. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தைத் தயாரித்து வாசகருக்கு அனுப்பும் பாதையில், நூற்றுக்கணக்கான இடங்களில் ஒரு கணம் நின்று, 'இந்த இடத்தில் யாருக்காவது ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா?' என்று கேட்கிறது. அந்த இடங்களுக்குக் கொக்கி என்று பெயர். கொக்கிகள் இரு வகை. முதல் வகை, குறித்த வேளையில் ஒரு செயலைச் செய்ய இடம் தருவது. புதிய கட்டுரை வெளியானதும் உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவது போன்றது. இரண்டாம் வகை வடிகட்டி. அது ஒரு பொருளை நம் கையில் கொடுத்து, மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டுத் திருப்பித் தரச் சொல்கிறது. எனக்கு வேண்டியது இரண்டாவது. கட்டுரையின் உள்ளடக்கம் திரைக்குப் போகும் முன் 'தி கன்டென்ட்' என்ற வடிகட்டியைக் கடந்து செல்கிறது. அங்கே காத்திருந்து, சொற்களை எண்ணி, ஒரு வரியை முன்னால் சேர்த்து அனுப்பினால் வேலை முடிந்தது.

கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. எழுத ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. நேரடியாகத் தளத்தில் கைவைக்காமல், என் மடிக்கணினியிலேயே வேர்ட்பிரஸின் ஒரு படியை நிறுவிக்கொண்டேன். இதற்குச் செலவு ஏதுமில்லை. தொடங்குவோர் அனைவரும் இப்படித்தான் தொடங்க வேண்டும். வேர்ட்பிரஸ் உறைக்குள் செருகுநிரல்களுக்கென்றே ஓர் உள்ளுறை உண்டு. அதில் புதிதாக ஓர் உறை, அதனுள் ஒரே ஒரு பிஎச்பி கோப்பு. கோப்பின் தலையில் ஒரு குறிப்புரை எழுத வேண்டும்: 'பிளகின் நேம்' என்று எழுதி, முக்காற்புள்ளியிட்டு, நாம் வைக்கும் பெயர். நிரல் இயங்கும்போது கணினி குறிப்புரைகளைப் பொருட்படுத்தாமல் தாண்டிவிடும். ஆனால் வேர்ட்பிரஸ் இந்த ஒரு வரியைத் தேடிப் படித்துத்தான் நம் படைப்பைத் தன் பட்டியலில் சேர்க்கிறது. பதிப்பெண், எழுதியவர், உரிமம் முதலியவற்றையும் எழுதலாம். கட்டாயம் பெயர் மட்டுமே. அந்த அளவில் சேமித்துவிட்டு நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். பட்டியலில் என் செருகுநிரல் இருந்தது. அது இன்னும் எதுவும் செய்யாது என்றாலும், அறுபதைக் கடந்த வயதில் முதல் சம்பளம் வாங்கியது போன்ற ஒரு மகிழ்ச்சி.

அடுத்து, எண்ணும் வேலையைச் செய்யும் நிரல்கூறு. அதற்கு ஒரு பெயர் வேண்டும். பிஎச்பி மொழியில் நிரல்கூறுகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. 'படிநேரம்' என்று வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரே தளத்தில் இயங்கும் இரண்டு செருகுநிரல்கள் ஒரே பெயரை வைத்துக்கொண்டால் தளமே நின்றுவிடும். இதற்குத் தீர்வு நம் வகுப்பறைகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே வகுப்பில் நான்கு முருகன்கள் இருந்தால் என்ன செய்வோம்? தலைப்பெழுத்தைச் சேர்த்து அழைப்போம். எங்கள் தளப் பெயரின் சுருக்கத்தை எல்லாப் பெயர்களுக்கும் முன்னொட்டாகச் சேர்த்துக்கொண்டேன்.

நிரல்கூறு செய்யும் வேலை இது: கையில் வரும் கட்டுரையிலிருந்து வடிவமைப்புக் குறியீடுகளை நீக்கு, மீதியை வெற்றிடம் கண்ட இடமெல்லாம் பிரி, துண்டுகளை எண்ணு, எண்ணிக்கையை ஒரு நிமிடத்தில் படிக்கக்கூடிய சொற்களின் தொகையால் வகு, விடையைத் தமிழில் ஒரு வரியாக்கிக் கட்டுரைக்கு முன்னால் ஒட்டு, முழுவதையும் திருப்பிக் கொடு. இறுதியில், இந்த நிரல்கூறை அந்த வடிகட்டியோடு கோப்பதற்கு 'ஆட் ஃபில்டர்' என்று தொடங்கும் ஒற்றை வரி. எல்லாம் சேர்த்து இருபது வரிகளுக்குள் அடங்கியது.

முதல் ஓட்டத்தில் கட்டுரைகள் அனைத்தும் மறைந்துபோயின. தலைப்பு இருக்கிறது, படம் இருக்கிறது, உள்ளே ஓர் எழுத்து இல்லை. அரைமணி நேரம் வியர்த்த பிறகு புரிந்தது: திருப்பிக் கொடுக்கும் 'ரிட்டர்ன்' வரியை எழுத மறந்திருக்கிறேன். வடிகட்டிக் கொக்கி என்பது கைமாற்றுக் கடன் போன்றது. வாங்கிய அசலைத் திருப்பியே ஆக வேண்டும். விரும்பினால் வட்டியாக ஒரு வரி சேர்த்துத் தரலாம். நான் அசலையே விழுங்கிவிட்டேன். மடிக்கணினியில் நடந்ததால் யாரும் அறியவில்லை. இன்னொரு முறை ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதில், இயங்கிக்கொண்டிருந்த பக்கம் முற்றாக நின்றது. அப்போதும் அஞ்சத் தேவையில்லை. செருகுநிரல் இருக்கும் உறையின் பெயரை மாற்றிவிட்டால் வேர்ட்பிரஸ் அதைக் காணாமல் தானே விலக்கிவிடும். உரையை மூடினால் மூலம் அப்படியே இருக்கிறது அல்லவா?

நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் என்பதில்தான் மெய்யான சிந்தனை தேவைப்பட்டது. ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட கருவிகள் 200 என்றோ அதற்கு மேலோ வைத்துக்கொள்கின்றன. தமிழுக்கு அது பொருந்தாது. 'சொல்லிக்கொண்டிருந்தார்களாம்' என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதையே சொல்ல ஐந்தாறு சொற்கள் வேண்டும். சொற்கள் நீளமானவை, எனவே நிமிடத்துக்குக் குறைவு. வீட்டில் மனைவியையும் நண்பர்கள் சிலரையும் படிக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஆய்வு என்று சொல்லத் துணியமாட்டேன். 120 என்று வைத்துக்கொண்டு, பிறர் தம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள அமைப்புப் பக்கத்தில் ஒரு பெட்டியும் வைத்தேன்.

வாசகர்களில் தமிழாசிரியர்கள் இருந்தால் அடுத்த செய்தி அவர்களுக்கு. சொல்லை எண்ணியாயிற்று, இனி எழுத்தை எண்ணலாம் என்று இறங்கினேன். முகப்புப் பக்கத்தில் எங்கள் தலைப்புகள் பாதியில் அறுபட்டு, கடைசியில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறியோடு நின்றுகொண்டிருந்தன. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? மூன்று என்று முதல் வகுப்புக் குழந்தை சொல்லும். பிஎச்பியின் பழைய கட்டளை 15 என்கிறது. ஏனெனில் அது எண்ணுவது எழுத்துகளை அன்று, சேமிப்பில் அவை பிடிக்கும் பைட்டுகளை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் கொள்ளும். பன்மொழிக்கென்று வந்த புதிய கட்டளை 5 என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒருங்குறியில் உயிர்மெய் ஒரே குறியாக அன்றி, மெய்யின் அடிவடிவமும் உயிர்க்குறியுமாகப் பிரித்து வைக்கப்பட்டிருப்பதால் இந்த ஐந்து. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணும் மூன்றாவது கட்டளை ஒன்றும் இருக்கிறது. அதுதான் 3 என்று சரியாகச் சொல்கிறது. எங்கள் தலைப்புகளை வெட்டிய நிரல் பைட்டுகளை எண்ணி, ஓர் எழுத்தின் நடுவயிற்றில் கத்தி வைத்திருந்தது. மூன்றாம் கட்டளையின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றைக் கொண்டு அதையும் சரிசெய்தோம். கட்டளைகள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. அவற்றை எடுத்துப் பொருத்துவதற்கு, தமிழ் எழுத்து என்பது என்ன என்று தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

என் கருத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. சிறு மொழிகளும் சிறு சங்கங்களும் தமக்கென ஒரு முழு மென்பொருளை எழுத முடியாது. ஆனால் பெரியதொரு மென்பொருள் கொக்கிகளோடு வரும்போது, நம் தேவைக்கான முதலீடு ஒரு வாரப் படிப்பாகவும் ஒரு மாலைப்பொழுதாகவும் சுருங்கிவிடுகிறது. உலக இணையதளங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு வேர்ட்பிரஸில் இயங்குவதாக மதிப்பிடுகிறார்கள். இலவசச் செருகுநிரல்கள் மட்டும் பல்லாயிரக்கணக்கில் உள்ளன. சந்தை கைவிட்ட தேவைகள் பல இப்படித்தான் நிறைவேறியிருக்கின்றன. நம் கலைக் கல்லூரிகளில் தமிழ் படிக்கும் மாணவருக்கும் கணினி படிக்கும் மாணவருக்கும் சேர்த்து ஒரு பருவத்துக்கு இப்படி ஒரு பணியைக் கொடுத்தால், ஏட்டில் இருக்கும் எழுத்திலக்கணம் நிரலாகும். நூலகத் தளத்துக்கு அகரவரிசை, ஊராட்சித் தளத்துக்குத் தமிழ்த் தேதி எனத் தேவைகளுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் மாலைப்பொழுதோடு செலவு முடிந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதைச் சொல்லாமல் மேலே சொன்னதை மட்டும் சொல்வது ஏமாற்று. வேர்ட்பிரஸில் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் பெரும்பாலானவை மூல மென்பொருளில் அல்ல, செருகுநிரல்களில்தான் இருக்கின்றன. செருகுநிரலுக்கு மூல மென்பொருளின் அதிகாரம் முழுவதும் உண்டு. அது நினைத்தால் தரவுத்தளத்தையே அழிக்கலாம். என் அமைப்புப் பெட்டியில் 120 என்ற எண்ணுக்குப் பதிலாக ஒருவர் தீய நிரல்துண்டு ஒன்றை இட்டால் என்ன ஆகும் என்று, பழைய மாணவர் ஒருவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே வருவது எண்தானா என்று சோதிப்பது, மாற்றுபவருக்கு அந்த உரிமை உண்டா என்று பார்ப்பது, வெளியே போவதைச் சுத்திகரித்து அனுப்புவது ஆகிய மூன்றுக்கும் வேர்ட்பிரஸே கட்டளைகள் வைத்திருக்கிறது. அவற்றைச் சேர்த்தபின் என் இருபது வரிகள் எழுபதாயின. எண்ணும் வேலைக்கு இருபது, காவலுக்கு ஐம்பது.

அதன் பிறகு பராமரிப்பு. பிஎச்பி ஆண்டுதோறும் புதிய பதிப்பைக் காண்கிறது. வேர்ட்பிரஸும் மாறிக்கொண்டே இருக்கிறது. நேற்று இயங்கியது நாளை நிற்கலாம். 2016 மார்ச்சில், வேறொரு நிரல்மொழிக்காக எழுதப்பட்ட வெறும் 11 வரிச் சிறு நிரல் ஒன்றை, கோபம் கொண்ட அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடத்தை நிரப்புவதே அதன் வேலை. அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள் திட்டங்கள் சில மணி நேரம் கட்டமைக்க முடியாமல் நின்றன. பதினோரு வரிகளின் மேல் எவ்வளவு பாரம் ஏறியிருந்தது என்பது அன்றுதான் வெளிப்பட்டது.

நண்பரின் கட்டுரையிலேயே இதற்கான பாடம் இருந்தது என்பது பின்னர்தான் எனக்குத் தோன்றியது. ஏரியை வெட்டியவரின் பெயர் கல்வெட்டில் இருக்கும். ஆண்டுதோறும் தூர்வாரிக் கரையை உயர்த்திய குடிமராமத்துக்காரர்களின் பெயர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் ஏரியை ஏரியாக வைத்திருந்தவர்கள் அவர்கள். எலினோர் ஆஸ்ட்ரம் நேபாளம் முதலிய இடங்களின் பாசன அமைப்புகளை ஆராய்ந்து, பொதுவளம் நிலைப்பதும் அழிவதும் அதைப் பேணும் விதிகளைப் பயன்படுத்துவோர் தாமே வகுத்துக்கொள்வதைப் பொறுத்தது என்று காட்டினார். 2009-இல் நோபல் பரிசும் பெற்றார். மென்பொருள் ஏரியிலும் மதகு யார் கையில் என்ற கேள்வி உண்டு. 2024 அக்டோபரில், இலட்சக்கணக்கான தளங்களில் இயங்கும் ஒரு செருகுநிரலை, வேர்ட்பிரஸ் களஞ்சியத்தை நடத்துவோர், வழக்கில் எதிரெதிராக நின்ற நிறுவனத்திடமிருந்து தம் வசம் எடுத்துக்கொண்டனர். டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்ட பிறகே அது திரும்பியது. நிரல் கட்டற்றது, அதை வைக்கும் இடம் அப்படியன்று. எங்கள் செருகுநிரலின் படியை நாங்கள் இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

உரிமத்தைப் பொறுத்தவரை தயக்கம் இருக்கவில்லை. வேர்ட்பிரஸுக்குள்ள அதே கட்டற்ற பொது உரிமத்தில் வெளியிட்டோம்; யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம். கடவுச்சொற்கள் இப்போது மூவரிடம் உள்ளன: நான், ஓட்டையைச் சுட்டிக்காட்டிய பழைய மாணவர், அவர் அழைத்துவந்த கல்லூரி மாணவி ஒருவர். எந்த வரி எதற்காக என்பதைத் தமிழிலேயே குறிப்புரையாக எழுதி வைத்திருக்கிறோம். முன்பு நாங்கள் தேடிக் கிடைக்காத துண்டுத்தாள் இதுதான்.

சென்ற வாரம் அந்த மாணவி ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். 'ஸ்ரீ' என்பதை எங்கள் நிரல் இரண்டு எழுத்துகளாக எண்ணுகிறதாம், 'க்ஷ'வையும் அப்படியே. ஒருங்குறியின் விதிப்படி அது இரண்டுதான், கண்ணுக்கு ஒன்று. எதைக் கொள்வது என்று தமிழ்ப் பேராசிரியரிடம் கேட்டோம். அவர், 247 எழுத்துகளுக்குள் வராதவற்றை எண்ணவே வேண்டாம் என்கிறார். மாணவிக்கு அது ஒப்பவில்லை. பேச்சு இன்னும் முடியவில்லை. அதுவரை அந்த வரியைத் திருத்தாமல் வைத்திருக்கிறோம்.